பட்டியலில் நடக்கும்போதே பட்டியலை மாற்றினால்

ஜாவாவில் பத்துப் பேர் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லூப் போட்டு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருகிறோம். வேண்டாத ஆள் வந்தால் அங்கேயே நீக்கிவிடுகிறோம். எட்டாவது ஆளை நீக்கினால் நிரல் பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும். பத்தாவது ஆளை நீக்கினாலும் அப்படியே. ஆனால் ஒன்பதாவது ஆளை, அதாவது கடைசிக்கு முந்தைய ஆளை, நீக்கினால் மட்டும் ஒரு சத்தமும் வராது. நிரல் சமர்த்தாக ஓடி முடியும். பத்தாவது ஆளை அது பார்க்கவே இல்லை என்பதை மட்டும் நம்மிடம் சொல்லாது.

நம்பிக்கை வராதவர்கள் ஓட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான். ஏன் இப்படி நடக்கிறது என்று தோண்டிக்கொண்டே போனால், ஆப்ஜெக்ட் சார்ந்த மொழிகளில் 'தொகுப்பு' என்பதும் 'அதன்மேல் நடப்பது' என்பதும் எப்படி இரண்டாகப் பிரிந்தன என்ற கதைவரை போகிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் நிரல். தமிழிலேயே எழுதுகிறேன், ஜாவா தெரிந்தவர்கள் மனதுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும்:
    ஆள் வேண்டாதவர் என்றால்:
        பட்டியலிலிருந்து ஆளை நீக்கு

ஜாவாவில் இதை ஃபார்-ஈச் லூப் என்பார்கள். படிக்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்க. எண் இல்லை, எத்தனையாவது இடம் என்ற கணக்கு இல்லை, எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்ற கவலை இல்லை. பிரச்சினையே இந்த அழகில்தான் இருக்கிறது. இடக்கணக்கு நம் கண்ணில்தான் படவில்லை. அது எங்கேயும் போய்விடவில்லை.

மொழிபெயர்ப்பான், அதாவது கம்பைலர், இந்த மூன்று வரியை எடுத்து வேறு ஒன்றாக மாற்றுகிறது. பட்டியலிடம் போய் "எனக்கு ஒரு இட்டரேட்டர் கொடு" என்று கேட்கிறது. இட்டரேட்டர் என்பது ஒரு தனி ஆப்ஜெக்ட். வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் பெயர்களை வாசிக்கும்போது ஒரு விரலை வரிமேல் வைத்திருப்பாரே, அந்த விரல்தான் அது. பதிவேடு வேறு, விரல் வேறு. அந்த விரலிடம் லூப் மாற்றி மாற்றி இரண்டே கேள்விகள் கேட்கும்: "இன்னும் யாராவது இருக்கிறார்களா?", "இருந்தால் அடுத்த ஆளைக் கொடு." முதல் கேள்விக்கு ஜாவாவில் பெயர் ஹேஸ்நெக்ஸ்ட், இரண்டாவதற்கு நெக்ஸ்ட்.

அர்ரேலிஸ்ட் என்ற பட்டியலின் இட்டரேட்டர் ஞாபகம் வைத்திருப்பது மூன்றே எண்கள். அடுத்து பார்க்கவேண்டிய இடம் எது. கடைசியாக எடுத்துக் கொடுத்த இடம் எது. நான் நடக்கத் தொடங்கியபோது பட்டியல் எத்தனை முறை மாறியிருந்தது. மூன்றாவதுதான் காவல்காரன். பட்டியல் தன் பங்குக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒருவரைச் சேர்த்தாலோ நீக்கினாலோ அந்தக் கணக்கில் ஒன்று கூடும். அதன் பெயர் மோட்கவுண்ட். 'நெக்ஸ்ட்' கேட்கப்படும்போது விரல் தன் எண்ணையும் பட்டியலின் எண்ணையும் ஒப்பிடும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் "நான் நடந்துகொண்டிருக்கும்போதே எவனோ பட்டியலில் கை வைத்துவிட்டான்" என்று கத்திவிட்டு நிற்கும். அந்தக் கத்தலின் பெயர் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன்.

இந்தப் பெயர் புதிதாக வருபவர்களைக் குழப்பாமல் விட்டதில்லை. 'கன்கரன்ட்' என்றதும் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் ஓடியிருக்கும் என்று நினைத்து, பூட்டு போடக் கிளம்பிவிடுவார்கள். ஒரே த்ரெட்டில், ஒரே லூப்புக்குள், நாமே நீக்கினாலும் இதேதான் வரும். பூட்டு போட்டு எந்தப் பயனும் இல்லை.

சரி, கடைசிக்கு முந்தைய ஆள் விஷயத்துக்கு வருவோம். ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் நிற்கிறார்கள். ஊழியர் ஒருவர் வரிசையோடு நடந்து வந்து அட்டையைப் பார்க்கிறார்; செல்லாத அட்டை என்றால் வீட்டுக்கு அனுப்புகிறார். ஆளை அவர் ஞாபகம் வைப்பதில்லை, "எத்தனை பேர் முடிந்தது" என்பதை மட்டும் வைக்கிறார். நாலாவது ஆளின் அட்டை செல்லாது, அனுப்பிவிட்டார். ஐந்தாவதாக நின்றவர் ஒரு அடி முன்னே வந்து நாலாவது இடத்தில் நிற்கிறார். ஊழியர் மனதில்: "நாலு பேர் பார்த்தாச்சு." வரிசையை எண்ணுகிறார்: நாலு பேர். "அப்போ முடிஞ்சது." போய்விட்டார்.

இட்டரேட்டர் செய்வதும் அட்சரம் பிசகாமல் இதுவே. அர்ரேலிஸ்ட்டின் ஹேஸ்நெக்ஸ்ட் செய்யும் வேலை ஒரே ஒரு ஒப்பீடு: என் அடுத்த இடமும் பட்டியலின் அளவும் வேறு வேறா? வேறு என்றால் "இன்னும் உண்டு"; ஒன்று என்றால் "முடிந்தது". நாலு, நாலு, முடிந்தது. காவல்காரன் நிற்பது நெக்ஸ்ட் என்ற வாசலில். லூப் அந்த வாசலுக்கே போகவில்லை.

இன்னொரு வேடிக்கை: ஐந்தாவது, அதாவது கடைசி ஆளை நீக்கினால் ஏன் கத்துகிறது? நியாயமாகப் பார்த்தால் அங்கே லூப் முடிந்துவிட வேண்டும். விரலின் இடம் ஐந்து, பட்டியலின் அளவு இப்போது நாலு. இரண்டும் வேறு. "வேறு" என்பதற்கு இட்டரேட்டரின் அகராதியில் அர்த்தம் "இன்னும் உண்டு". எனவே நெக்ஸ்ட் கேட்கப்படுகிறது, காவல்காரன் பிடிக்கிறான். 'சிறியதா' என்று கேட்காமல் 'வேறா' என்று கேட்டதால் இங்கே தப்பித்தோம்.

சோதனை எழுதுபவர்களுக்கு இது ஏன் சிக்கவே சிக்காது என்பதையும் சொல்லவேண்டும். ஐந்து பேரில் நாலாவது ஆள் வேண்டாதவர், ஐந்தாவது ஆள் வேண்டியவர் என்று சோதனைப் பட்டியல் போட்டால், விடை சரியாகவே வரும். நாலாவது ஆள் போய்விடுவார். ஐந்தாவது ஆள் பார்க்கப்படாமலே பட்டியலில் இருப்பார், அவர் இருக்கவேண்டியவர்தான். பச்சை விளக்கு எரியும். கடைசி இரண்டு பேருமே நீக்கப்படவேண்டியவர்களாக இருந்தால் மட்டும்தான் குட்டு உடையும்.

அது எவ்வளவு அபூர்வம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த தன்னார்வக் குழு ஒன்று ரத்த தானம் செய்பவர்களின் பட்டியல் வைத்திருக்கிறது. அவசரம் என்று அழைப்பு வந்தால் அந்த ரத்த வகைக்காரர்களை வரிசையாகப் போனில் கூப்பிடுவார்கள். ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க இடைவெளி வேண்டும்; நம் நாட்டில் ஆண்களுக்கு 90 நாள். எனவே கூப்பிடுவதற்கு முன், 90 நாளைக்குள் கொடுத்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவேண்டும். கல்லூரி மாணவர் ஒருவர் இதற்காக ஜாவாவில் ஒரு சிறிய நிரல் எழுதியிருந்தார். அவர் அதை எனக்கு அனுப்பியபோது சொன்ன குறை இதுதான்: "அண்ணா, எல்லாம் நல்லா போகுது. ஆனா போன வாரம்தான் கொடுத்த ஒருத்தர் பேரு மட்டும் அடிக்கடி வந்து நிக்குது."

நிரலில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருந்தன. ஒன்று, பட்டியல் கடைசியாகக் கொடுத்த தேதிப்படி அடுக்கப்பட்டிருந்தது; ரொம்ப நாளாகக் கொடுக்காதவர் முதலில், நேற்றுக் கொடுத்தவர் கடைசியில். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான், முதலில் யாரைக் கூப்பிடுவது என்பதற்காக. இரண்டு, மேலே காட்டிய அதே ஃபார்-ஈச் லூப். மூன்று, அந்த எக்ஸெப்ஷன் அவருக்கும் வந்திருக்கிறது. எங்கோ படித்துவிட்டு, பிழை வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அதே பட்டியலில் லூப்பை மறுபடி முதலிலிருந்து ஓட்டு என்று எழுதியிருந்தார். பிழை வராமல் ஒருமுறை ஓடி முடிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டியலின் கடைசியில் நாலு பேர் 90 நாளைக்குள் கொடுத்தவர்கள். முதல் ஓட்டத்தில் அந்த நால்வரில் முதல் ஆள் நீக்கப்படுவார், பிழை வரும். மறுபடி ஓட்டம், அடுத்தவர் நீக்கப்படுவார், பிழை. மிச்சம் இரண்டு பேர். மூன்றாவது ஓட்டத்தில் நீக்கப்படுபவர் கடைசிக்கு முந்தைய ஆள். சத்தமே இல்லை, லூப் நிம்மதியாக முடிகிறது. மிச்சம் நிற்பவர் யார்? எல்லோரையும்விடக் கடைசியாக ரத்தம் கொடுத்தவர். நாலு பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் இதே முடிவுதான். ஒரே ஒருவர் மட்டும் இருந்தால் அவர் சரியாக நீக்கப்பட்டுவிடுவார். பிழை வந்து, மறு ஓட்டம் சுத்தமாக முடியும். இரண்டு பேருக்கு மேல் போனாலே, யாரைக் கண்டிப்பாகக் கூப்பிடக்கூடாதோ அவர்தான் தவறாமல் தப்பிப்பார்.

ரத்த வங்கியில் தேதி கேட்பார்கள், எடுக்க மாட்டார்கள், ஆகவே உயிருக்கு ஆபத்து என்றெல்லாம் பயமுறுத்தவில்லை. ஆனால் இரவு பதினோரு மணிக்கு ஒருவர் பைக் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, "உங்களுடையது எடுக்க முடியாது" என்று கேட்டுத் திரும்பிப்போகும் அந்த அரைமணி நேரம், வராந்தாவில் காத்திருக்கும் குடும்பத்துக்கு நஷ்டம்தான்.

அந்த மாணவர் மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர் எழுதிய மூன்று வரியில் விரல் எங்குமே இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றி எப்படிச் சந்தேகப்படுவது?

அப்படியானால் விரலை ஏன் ஒளித்துவைத்தார்கள்? அதற்கு முன்னால், விரல் என்ற தனி ஆப்ஜெக்ட்டே எதற்கு? பழையபடி சுழியத்திலிருந்து எண்ணி, "பட்டியலே, மூன்றாவது ஆளைக் கொடு, நாலாவது ஆளைக் கொடு" என்று கேட்டால் ஆகாதா?

அர்ரேலிஸ்ட்டுக்கு ஆகும். அது தெருவில் கதவு எண் போட்ட வீடுகள் மாதிரி. எண் சொன்னால் நேராகப் போய்விடலாம். லிங்க்டு லிஸ்ட் அப்படி அல்ல. அதில் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது பக்கத்து ஆள் மட்டும். ஐநூறாவது ஆள் வேண்டுமென்றால் ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். ஜாவாவின் லிங்க்டு லிஸ்ட் கொஞ்சம் புத்திசாலி, எந்த முனை பக்கமோ அங்கிருந்து நடக்கும். அப்படியும் 1 லட்சம் பேர் உள்ள பட்டியலை எண் சொல்லிச் சொல்லி முழுக்கப் பார்த்தால் மொத்தம் சுமார் 250 கோடி அடி நடக்கவேண்டியிருக்கும். விரலை வைத்துக்கொண்டு நடந்தால் 1 லட்சம் அடி. ஒரே வேலை, ஒரே விடை. இனி ஹேஷ்செட் மாதிரியான தொகுப்பில் 'மூன்றாவது' என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே எண்ணை வைத்து எப்படி நடப்பது?

ஆகவே கேள்வி இதுதான்: தொகுப்பின் உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்பது வெளியே தெரியக்கூடாது, ஆனால் வெளியே இருப்பவன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாகவேண்டும். 1970களில் இதற்கு இரண்டு விடைகள் வந்தன. எம்ஐடியில் பார்பரா லிஸ்காவும் அவர் குழுவும் க்ளூ என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் இட்டரேட்டர் என்பதே மொழியின் ஓர் அங்கம். தொகுப்பை எழுதுபவர் "இந்தா ஒன்று, இந்தா அடுத்தது" என்று ஒவ்வொன்றாகக் கொடுப்பார், வாங்குபவரின் லூப் அதைப் பெற்றுக்கொண்டே போகும். இன்று பைத்தானிலும் சி ஷார்ப்பிலும் 'யீல்டு' என்று எழுதுகிறோமே, அந்தச் சொல் அங்கே அப்போதே இருந்தது. லிஸ்காவுக்கு 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது.

இன்னொரு விடை ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிறந்த ஸ்மால்டாக். அங்கே நாம் நடப்பதே இல்லை. செய்யவேண்டிய வேலையை ஒரு பொட்டலமாகக் கட்டித் தொகுப்பின் கையில் கொடுக்கிறோம்; "உன்னிடம் உள்ள ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்" என்கிறோம். நடப்பது தொகுப்பு. விரல் அதன் கையில். 1994இல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகம் இந்த இரண்டுக்கும் வெளி இட்டரேட்டர், உள் இட்டரேட்டர் என்று பெயர் பிரித்தது. யார் கையில் விரல் என்பதுதான் வித்தியாசம்.

ஜாவா முதல் வகையை எடுத்துக்கொண்டது. 1996இல் வந்த முதல் பதிப்பில் எனுமரேஷன் என்ற ஒன்று இருந்தது. கேட்கலாம், எடுக்கலாம், நீக்க வழி கிடையாது. 1998இல் ஜாவா 1.2 வந்தபோது, ஜோஷுவா ப்ளாக் தலைமையில் வடிவமைத்த கலெக்‌ஷன்ஸ் நூலகத்தோடு இன்று நாம் பார்க்கும் இட்டரேட்டர் வந்தது. பெயர்கள் சுருங்கின என்பது சின்ன விஷயம். பெரிய விஷயம், அதில் 'ரிமூவ்' என்ற மூன்றாவது செயல் சேர்ந்தது. அதாவது நடக்கும்போது நீக்கவேண்டுமென்றால் பட்டியலிடம் சொல்லாதே, விரலிடம் சொல். விரல் தானே நீக்கும், தன் இடத்தை ஒன்று பின்னால் இழுத்துக்கொள்ளும், மாறிய கணக்கையும் சரிசெய்துகொள்ளும். ரேஷன் கடை ஊழியரே ஆளை அனுப்பினால், "நாலு" என்பதை "மூணு" என்று திருத்திக்கொள்வார் இல்லையா, அதுபோல.

பிறகு 2004இல் ஜாவா 5 ஃபார்-ஈச்சைக் கொண்டுவந்தது. எழுதுவது பாதியாகக் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த வடிவத்தில் விரலுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அதனிடம் 'ரிமூவ்' சொல்லவும் முடியாது. ஆறு வருடத்துக்கு முன் கொடுத்த பாதுகாப்பான வழியை, படிக்க அழகான வடிவம் மறைத்துவிட்டது. கையில் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது, அதனால் எல்லோரும் பட்டியலிடமே நீக்கச் சொல்கிறார்கள். மனித இயல்பு.

ஹேஸ்நெக்ஸ்ட்டிலேயே ஒரு காவல்காரனை வைத்திருக்கலாமே என்று கேட்டால், வைத்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி. ஜாவா ஆவணம் தன்னைக் காத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது: இந்தப் பிழை காட்டும் ஏற்பாடு முடிந்தவரை செய்வதே தவிர உத்தரவாதம் அல்ல, பிழைகளைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள், நிரலின் சரித்தன்மைக்கு இதை நம்பாதீர்கள். எக்ஸெப்ஷனைப் பிடித்து மறுபடி ஓட்டிய அந்த ரத்த தான நிரல் நம்பியது சரியாக இதைத்தான்.

சி ஷார்ப் இந்த இடத்தில் தப்பித்தது, அதற்குக் காரணம் ஒரு சின்ன வடிவமைப்பு. அங்கே "உண்டா?" என்பதும் "நகர்" என்பதும் ஒரே கேள்வி, மூவ்நெக்ஸ்ட். நகர்ந்து பார்த்து உண்டு இல்லை என்று சொல்லும். இப்போது நிற்கும் ஆளை எடுக்க 'கரன்ட்' என்று தனியாகக் கேட்கவேண்டும். எல்லா நடையும் அந்த ஒரு வாசல் வழியாகவே போவதால், பட்டியல் மாறியதா என்ற சோதனை கடைசி அடியிலும் நடக்கிறது. கடைசிக்கு முந்தைய ஆளை நீக்கினாலும் பிடித்துவிடும். ஜாவாவில் இரண்டு வாசல், ஒன்றில் மட்டும் காவல்.

பைத்தான் இன்னும் விசித்திரம். அதன் டிக்‌ஷனரியில் நடக்கும்போது ஒன்றை நீக்கினால், அடுத்த அடியில் அளவு மாறிவிட்டது என்று பிழை கொடுக்கும். ஆனால் சாதாரண லிஸ்ட்டில் காவல்காரனே கிடையாது. எங்கே நீக்கினாலும் கத்தாது. நீக்கிய ஆளுக்கு அடுத்தவரைத் தாண்டிப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வேண்டாதவர்கள் நின்றால் இரண்டாமவர் தப்பிப்பார். ஒருவகையில் இது ஜாவாவைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன்: தப்பு அடிக்கடி நடப்பதால் சீக்கிரம் கண்ணில் படும். ரஸ்ட் மொழியோ, நடந்துகொண்டிருக்கும் பட்டியலை மாற்றும் நிரலைக் கம்பைல் செய்யவே விடாது. முதலில் எரிச்சல் வரும், பிறகு பழகிவிடும்.

இனி என்ன செய்யலாம்?

இட்டரேட்டரை வெளிப்படையாக வாங்கி, வைல் லூப் போட்டு, விரலிடமே 'ரிமூவ்' சொல்வது பழைய சரியான வழி. எண்ணால் நடப்பதாக இருந்தால் கடைசியிலிருந்து முன்னோக்கி வரலாம். நீக்கும்போது நகர்பவர்கள் எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவர்கள்தான், எனவே யாரும் தப்ப மாட்டார்கள். இரண்டும் சரி, ஆனால் அர்ரேலிஸ்ட்டில் ஒருவரை நீக்கினால் அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் ஓரிடம் நகரவேண்டும். 1 லட்சம் பேரையும் முன்னாலிருந்து ஒவ்வொருவராக நீக்கினால் சுமார் 500 கோடி நகர்வுகள்.

2014இல் ஜாவா 8 கொண்டுவந்த 'ரிமூவ் இஃப்' எனக்குப் பிடித்தது. இது ஸ்மால்டாக் வழி: நிபந்தனையை மட்டும் கட்டிக் கொடுத்துவிடுகிறோம், "இது பொருந்துகிறவர்களை எடுத்துவிடு" என்று. அர்ரேலிஸ்ட் இதை இரண்டு நடையில் செய்கிறது. முதல் நடையில் யாரையும் நீக்குவதில்லை, யார் யார் போகவேண்டும் என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாவது நடையில் மிச்சம் உள்ளவர்களை நெருக்கி அடுக்குகிறது. எனவே 1 லட்சம் பேர் என்றாலும் ஒவ்வொருவரும் அதிகபட்சம் ஒருமுறைதான் நகர்வார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. பாதி வழியில் நம் நிபந்தனையே பிழை கொடுத்து நின்றால் (யாருக்கோ தேதியே பதியாமல் விட்டிருப்பார்கள்), பட்டியல் தொடாமல் பழையபடியே இருக்கும். பாதி நீக்கி பாதி நீக்காத அவல நிலை வராது.

அதே ஜாவா 8இல் பட்டியலுக்கு 'ஃபார்ஈச்' என்று ஒரு செயலும் வந்தது. லூப் வேறு, இது வேறு, பெயர்தான் ஒன்று. இதிலும் நடப்பது பட்டியல்தான். இதற்குள் இருந்துகொண்டு அர்ரேலிஸ்ட்டின் கடைசிக்கு முந்தைய ஆளை நீக்கிப் பாருங்கள், எக்ஸெப்ஷன் வரும். நடந்து முடித்த பிறகும் ஒருமுறை மோட்கவுண்ட்டைச் சரிபார்க்கிறது. விரல் தொகுப்பின் கையில் இருக்கும்போது, முடிவில் ஒருமுறை திரும்பிப் பார்க்க அதற்கு வாய்ப்பு இருக்கிறது. வெளி இட்டரேட்டருக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஏன்னா லூப் எப்போது முடிந்தது என்றே அதற்குத் தெரியாது. கேட்பது நின்றுபோகும், அவ்வளவுதான்.

பல த்ரெட்டுகள் ஒரே தொகுப்பைத் தொடும் நிஜமான 'கன்கரன்ட்' உலகம் தனிக் கதை. அங்கே காப்பி ஆன் ரைட் அர்ரேலிஸ்ட் போன்றவை இருக்கின்றன. அதில் விரல் நடப்பது, நடை தொடங்கிய நொடியில் இருந்த நகலின்மேல். பிறகு யார் சேர்த்தாலும் நீக்கினாலும் அந்த நடைக்குத் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுப் பட்டியலையும் நகலெடுக்கும் என்பதால், அதிகம் படித்து அரிதாக மாற்றும் இடங்களுக்குத்தான் சரிப்படும். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம்.

ரத்த தானப் பட்டியலுக்கு இதில் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அங்கே நீக்குவதே தவறான சொல். 90 நாள் ஆகாதவர் பட்டியலிலிருந்து போகவேண்டியவர் அல்ல. இன்றைக்கு மட்டும் அவரைக் கூப்பிடக்கூடாது. எனவே மூலப் பட்டியலைத் தொடாமல், அதன்மேல் நடந்து, கூப்பிடக்கூடியவர்களை மட்டும் 'இன்று அழைக்கலாம்' என்ற புதுப் பட்டியலில் சேர்க்கும்படி மாற்றினோம். நடக்கும் பட்டியல் மாறுவதில்லை, மாறும் பட்டியலில் யாரும் நடப்பதில்லை. பிழையைப் பிடித்து மறுபடி ஓட்டும் பகுதியை அழித்தோம்.

"கூப்பிடலாமா" என்ற கேள்விக்குத் தனியாக ஒரு செயல் எழுதச் சொன்னேன், ஆளைக் கொடுத்தால் ஆம் இல்லை என்று மட்டும் சொல்லும்படி. அதை எழுதி முடித்ததும் மாணவரே கேட்டார், பெண்களுக்கு 120 நாள் இல்லையா என்று. ஆமாம். பழைய லூப்பில் எல்லோருக்கும் 90 என்றுதான் இருந்தது.